தண்ணீர்க் குடமும் புலி முகமும்: அசோகமித்திரன் எழுத்தில் வேலையும் வாழ்வும்

மல்லேஸ்வரத்தில் மாதம் ஒரு ஞாயிறு மாலை நாங்கள் சில குடும்பத்தினர் ஒருவர் இல்லத்தில் கூடி, ஒரு தமிழ் நூலைப் படித்துப் பேசுவது வழக்கம். வருவோரில் பெரும்பாலோர் ஓய்வு பெற்றவர்கள். பிள்ளைகள் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் கற்று வளர்ந்துவிட்டமையால், வீட்டுத் தமிழ் சமையலறையோடு நின்றுவிடுமோ என்னும் அச்சமே எங்களைக் கூட்டிவைக்கிறது என்று சொன்னாலும் பிழையில்லை. 2024-ஆம் ஆண்டுக் கோடையில் இந்நகரின் ஆழ்துளைக் கிணறுகள் பல வற்றின. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து ஏற்றிக் கொணரப்படும் காவிரி நீரும் போதவில்லை. லாரித் தண்ணீருக்காகத் தெருக்கள் காத்துக் கிடந்த அந்நாளில், காலத்துக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவலை எடுத்துக்கொண்டோம்.

அன்று ஓர் அம்மையார் தம் மகனையும் அழைத்து வந்திருந்தார். முப்பதை எட்டாத வயது. கணினி நிறுவனம் ஒன்றில் நல்ல ஊதியம். இரண்டு மணி நேரம் ஒரு சொல்லும் பேசாதிருந்த அவ்விளைஞர், எல்லோரும் காப்பி அருந்தி எழும் வேளையில் என்னருகே வந்து, "மாமா, இந்த ஜமுனா எதற்காகப் பிழைத்து எழுந்தாள்?" என்று கேட்டார். கேள்வி நாவலைப் பற்றியதன்று என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. வீட்டுக் கடன், நள்ளிரவு வரை அயல்நாட்டாரோடு நடக்கும் கூட்டங்கள், விட்டு வெளியேறினால் வீடு போய்விடும், இருந்தால் தாம் போய்விடுவோம் என்னும் நிலை. எலிப்பொறிக்குள் வடையாவது இருக்கும், தம் பொறிக்குள் வடையை வைத்ததும் தாமே, தின்றதும் தாமே என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

அவருக்கு அன்று நான் ஒழுங்காக விடை சொல்லவில்லை. சொல்ல முயன்று தவறியதை ஈடுசெய்யவே இக்கட்டுரை.

இத்தகைய கேள்விக்கு நம்மவர் வழக்கமாகக் கையில் எடுப்பவை இரண்டு. ஒன்று திருக்குறள். ஆள்வினையுடைமை, இடுக்கணழியாமை என்னும் 62, 63-ஆம் அதிகாரங்களிலிருந்து இரண்டு குறள்களைச் சொல்லி முதுகைத் தட்டிக்கொடுத்து அனுப்பிவிடுவோம். வள்ளுவரிடம் குறையில்லை. ஆனால் மூச்சுத் திணறுகிறவனிடம் மூச்சுப் பயிற்சியின் பெருமையைப் பேசுவதில் நம் நிம்மதி இருக்கிறதே தவிர அவன் நிம்மதி இல்லை.

மற்றொன்று சர் சி.வி. ராமன். மல்லேஸ்வரத்துக்காரர்களாகிய எங்களுக்கு இது இன்னும் கைக்கெட்டும் எடுத்துக்காட்டு. அவருடைய 'பஞ்சவடி' இல்லம் எங்கள் பகுதியிலேயே உள்ளது. 1907-இல், 18 வயதில், கல்கத்தாவில் நிதித்துறையின் உதவி அக்கவுண்டண்ட் ஜெனரலாகப் பணியேற்ற ராமன், பத்தாண்டுகள் பகலெல்லாம் கணக்குப் பார்த்தார். அலுவலகத்துக்கு முன்னும் பின்னும் பவ்பஜார் தெருவிலிருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் வீணையையும் வயலினையும் ஆராய்ந்தார். இடையில் இரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றப்பட்டார். 1917-இல் அரசுப் பதவியைத் துறந்து, குறைந்த ஊதியத்துக்குப் பேராசிரியரானார். மெய்சிலிர்க்கும் வரலாறுதான். ஆயின் இதை எடுத்துக்காட்டாகச் சொல்லும்போது நாம் ஒன்றை மறைத்துவிடுகிறோம். ராமனுக்கு மாலை ஐந்து மணிக்குப் பிறகு ஒரு மாலை இருந்தது. அவருள் ஒரு ராமனும் இருந்தார். மாலையே இல்லாதவனுக்கும், உள்ளே அப்படிப்பட்ட மேதை எவரும் ஒளிந்திராத நம் போன்ற எளியவர்களுக்கும் இவ்வரலாறு வழியாவதில்லை. சில வேளை கூடுதல் குற்ற உணர்வாகவே ஆகிறது.

ஆகவேதான் அசோகமித்திரனிடம் செல்ல வேண்டியிருக்கிறது. வெளியேற முடிந்தவர்களைப் பற்றி அவர் மிகக் குறைவாகவே எழுதினார்.

ஜ. தியாகராஜன் என்னும் இயற்பெயர் கொண்ட அவர் 1931-இல் செகந்திராபாத்தில் பிறந்தவர். தெலுங்கும் உருதும் ஒலித்த ஊரில் தமிழராக வளர்ந்தவர் என்னும் வகையில் நம்மவர். தந்தையார் மறைவுக்குப்பின் 1952-இல் சென்னை வந்து ஜெமினி ஸ்டூடியோவில் பணியில் அமர்ந்தார். 1966 வரை அங்கிருந்தார். பிறகு எழுத்தையே நம்பி, குறைந்த வருவாயில், நீண்ட காலம் வாழ்ந்தார். 1996-இல் 'அப்பாவின் சிநேகிதர்' நூலுக்குச் சாகித்திய அகாதெமிப் பரிசு கிடைத்தது. 2017-இல் மறைந்தார்.

நம் பிள்ளைகள் பலர் அவரை அறிவர். ஆனால் தமிழில் அல்ல, ஆங்கிலத்தில். தம் ஸ்டூடியோ நாள்களைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய நினைவுக் குறிப்புகளின் ஒரு பகுதி, 'போயட்ஸ் அண்ட் பான்கேக்ஸ்' என்னும் தலைப்பில் மத்திய பாடத்திட்டத்தின் பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலில் இடம்பெற்றது. கேள்வி-பதில் எழுதித் தேர்வில் தேறியபின் அதை மறந்துவிட்ட இளைஞர்கள் நம் வீடுகளில் உண்டு. மறக்கத் தக்கதன்று அக்கட்டுரை. அதில் அவர் பார்க்கும் வேலை என்ன? செய்தித்தாள்களைக் கத்தரித்துக் கோப்புகளில் சேர்ப்பது. நாள் முழுதும் காகிதம் கிழிக்கும் ஒருவனைக் கண்டவர்கள் எல்லாரும் இவன் வெட்டியாக இருக்கிறான் என்று முடிவுசெய்து, வந்து அறிவுரை சொல்கிறார்கள். அவர்களுள் ஒருவர் ஒப்பனைப் பிரிவின் கடைநிலை ஊழியர். நாற்பதைக் கடந்தவர். நடிகராகவோ இயக்குநராகவோ ஆகும் கனவோடு என்றோ உள்ளே நுழைந்து, கூட்டக் காட்சிகளில் வருவோர் முகங்களில் வண்ணம் பூசும் வேலையில் நின்றுவிட்டவர். தம் வீழ்ச்சிக்கெல்லாம் காரணம் கொத்தமங்கலம் சுப்பு என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை.

இந்த ஊழியரைப் பார்த்துச் சிரிக்கும்படியாகவே ஆசிரியர் எழுதியிருக்கிறார். வகுப்பறைகளிலும் சிரிப்பார்கள். ஆனால் கூர்ந்து நோக்கினால், அம்மனிதரை ஒவ்வொரு காலையும் எழுப்பி ஸ்டூடியோவுக்கு அனுப்புவது அந்தப் பகைமைதான் என்பது விளங்கும். சுப்புவை வெறுப்பதே அவருக்கு வாழ்வதற்கான காரணம். அலுவலகங்களில் பணியாற்றியவர்கள் இத்தகைய ஒருவரையேனும் அறிந்திருப்பர், நானும் அறிவேன். மேலதிகாரி ஓய்வு பெற்றுப் போன மறுவாரமே படுத்த படுக்கையான ஒருவரை எனக்குத் தெரியும். வெறுப்பும் ஒரு ஊன்றுகோல். மற்றவன் கையில் இருக்கும் ஊன்றுகோல் என்பதுதான் அதன் இடர்.

சுப்புவோ வேறு வகை. 'தில்லானா மோகனாம்பாள்' எழுதிய கை அவருடையது. கவிஞர், நடிகர், கதையாசிரியர். இத்தனை ஆற்றலையும் முதலாளிக்கென்றே ஒப்படைத்துவிட்டு, எந்நேரமும் மலர்ந்த முகத்தோடு திரிகிறவர். அவரை அடிமை என்பதா, விடுதலை பெற்றவர் என்பதா? அசோகமித்திரன் தீர்ப்புச் சொல்வதில்லை. இது அவருடைய பெருந்தன்மை என்று பலர் பாராட்டுவர். எனக்கு அது முழுமையாக உடன்பாடன்று. கத்தரிக்கோலும் கையுமாக ஒரு மூலையில் அமர்ந்து எல்லோரையும் பார்த்துக்கொண்டிருப்பவருக்குத் தீர்ப்புச் சொல்லாதிருப்பது எளிது. பார்ப்பதே அவர் தமக்குக் கண்டுகொண்ட விடுதலை. ஆனால் பார்க்கப்படுகிறவனுக்கு அதனால் என்ன பயன்?

இந்தக் கேள்வியை அவரே தம்மைக் கேட்டுக்கொண்ட இடம் 'புலிக்கலைஞன்' சிறுகதை. அதே ஸ்டூடியோ, அதே வேலையற்ற வேலை. படப்பிடிப்பு இல்லாத காலத்தில் நடிகர் தேர்வுப் பிரிவில் சிலர் பொழுதைப் போக்கிக்கொண்டிருக்கிறார்கள். துணை நடிகர்களை அழைத்துவரும் தரகர் ஒருவரின் பெயரைச் சொல்லிக்கொண்டு மெலிந்த மனிதன் ஒருவன் வருகிறான். பெயர் காதர். புலி வேடம் கட்டுகிறவன். இப்போது ஒன்றும் இல்லை, பிறகு பார்க்கலாம் என்று பிரிவின் தலைவர் சர்மா சொல்கிறார். அவன் போகவில்லை. புலித் தலையை மாட்டிக்கொள்கிறான். அடுத்த கணம் அந்த அறையில் இருப்பது மனிதனன்று, புலி. கோப்பும் நாற்காலியும் மேசையுமான அலுவலக அறை காடாகிவிடுகிறது. உறுமலும் பாய்ச்சலும் கண்டு அங்கிருப்போர் மூச்சடைத்துப் போகிறார்கள். ஆட்டம் முடிந்ததும் அவன் மறுபடியும் கூனிக் குறுகிச் சோற்றுக்கு வழி கேட்கும் ஏழையாகிவிடுகிறான். கையிலிருந்த சில்லறையைக் கொடுத்து அனுப்புகிறார்கள். பின்னொரு நாள் புலி வேடத்துக்கு வாய்ப்பு வருகிறது. அவன் தந்த முகவரிக்கு எழுதுகிறார்கள். கடிதம் திரும்பி வந்துவிடுகிறது.

நம் பழைய இலக்கியத்தில் ஆற்றுப்படை என்றொரு வகை உண்டு. பத்துப்பாட்டில் சரிபாதி, ஐந்து பாட்டுகள், ஆற்றுப்படைகளே. அவற்றுள் முருகனிடம் ஆற்றுப்படுத்தும் ஒன்று நீங்கலாக, பொருநரும் பாணரும் கூத்தருமாகிய கலைஞரை வள்ளல்களிடம் ஆற்றுப்படுத்துபவை நான்கு. பரிசில் பெற்று மீளும் கலைஞன், எதிரே பசியோடு வரும் கலைஞனைக் கண்டு, இன்ன வழியே போ, இன்ன வள்ளலைப் பார் என்று நெறிப்படுத்துவான். 'புலிக்கலைஞன்' அந்த மரபின் தலைகீழ் வடிவம் என்பது என் கருத்து. இங்கும் பசித்த கலைஞன் உண்டு. வழிகாட்டி அனுப்பிய ஒருவரும் உண்டு. போய்ச் சேர்ந்த இடத்தில் புரவலன் இல்லை. சம்பளத்துக்கு அமர்ந்திருக்கும் இன்னும் சில பசித்தவர்களே இருக்கிறார்கள். பிறகு புரவலன் தேடுகையில் கலைஞன் இல்லை. சங்கப் பாணனுக்கு வறுமை உண்டு. வழி தவறுதல் இல்லை. நம் காலத்தவனுக்கு வழிதான் இல்லாமற்போயிற்று.

காதரின் நிலை சர்மாவின் நிலையைவிடக் கொடியது, அதில் ஐயமில்லை. எனினும் அந்தச் சில நிமிடங்களில் அவ்வறையில் உயிரோடு இருந்தவன் காதர் ஒருவன்தான் என்று வாசகர் உணர்கிறார். மற்றவர்கள் மாதச் சம்பளத்தின் பாதுகாப்பில் மெல்ல உறைந்துகொண்டிருப்பவர்கள். கணினி நிறுவன இளைஞருக்கு இக்கதையைப் பரிந்துரைக்கலாமா என்று எண்ணிப் பார்த்தேன். வேண்டாம் என்று தோன்றியது. உனக்குள்ளும் ஒரு புலி இருக்கிறது, தலையை மாட்டிக்கொள் என்று சொல்வதாக அவர் இதைப் படித்துவிடக்கூடும். கதை சொல்வது அதுவன்று. புலியாக இருக்கத் தெரிந்தவனுக்கும் அன்றைய உணவு உறுதியில்லை என்பதைத்தான் அது சொல்கிறது.

'தண்ணீர்' இவ்விரண்டுக்கும் அப்பால் செல்கிறது.

1970-களின் தொடக்கத்தில் வெளிவந்த இந்நாவல் பக்க அளவில் சிறியது. சென்னையில் ஒரு தெரு. குழாயில் நீர் வருவதில்லை. ஜமுனா திரைப்படத்தில் நாயகியாகும் கனவில் இளமையைத் தொலைத்தவள். பாஸ்கர ராவ் என்பவன் வாய்ப்பு வாங்கித் தருவதாகச் சொல்லிச் சொல்லியே அவளைப் பலரிடம் அழைத்துச் செல்கிறான். அலுவலகம் செல்லும் தங்கை சாயா இதைப் பொறுக்கமாட்டாமல் விலகிப் போகிறாள். ஜமுனாவுக்கு அவள் வேலையே பொறி. வேலை என்று அதைச் சொல்லவும் முடியாத பொறி. ஒரு கட்டத்தில் உயிரை விடத் துணிகிறாள். காப்பாற்றப்படுகிறாள். அதன் பின்னர்தான் நாவலின் உயிர்நிலையான பகுதி வருகிறது. அதே தெருவில் வசிக்கும் டீச்சரம்மா என்னும் பெண்மணி அவளோடு பேசுகிறாள்.

டீச்சரம்மா ஆறுதல் சொல்வதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு முறையும் அவள் சொல்வதில்லை. தனக்கு வாய்த்த கணவரின் முதுமையையும் நோயையும், மாமியாரின் கொடுஞ்சொல்லையும், பள்ளி, வீடு, தண்ணீர் என்று தேயும் தன் நாள்களையும் ஒளிவின்றிச் சொல்கிறாள். நம் கூட்டத்தில் ஓர் அன்பர் இதைக் கடுமையாகக் கண்டித்தார். துயரத்தில் இருப்பவளிடம் என் துயரம் இன்னும் பெரிது என்பது எவ்வகை அறம் என்று அவர் கேட்டது நியாயமான கேள்விதான். துயரங்களை நிறுத்துப் பார்க்கும் தராசு எவரையும் காப்பாற்றியதில்லை.

ஆயினும் நாவலில் நிகழ்வது ஒப்பீடன்று என்றே நான் படிக்கிறேன். ஜமுனா அதுவரை தன் வாழ்வைப் பாஸ்கர ராவின் வருகையைக் கொண்டே அளந்தவள். அவன் கார் வந்தால் நாள், வராவிட்டால் நாளில்லை. ஒருநாள் கிடைக்கப்போகும் நாயகி வேடமே காரணம். இடைப்பட்ட வாழ்வெல்லாம் காத்திருப்பு. டீச்சரம்மா தன் கதையைச் சொல்லும்போது, காரணம் ஏதுமின்றியே நடந்துகொண்டிருக்கும் ஒரு வாழ்வை ஜமுனா முதன்முறையாகக் காண்கிறாள். வாழ்வதற்கு ஒரு பெரிய காரணம் வேண்டும் என்னும் எண்ணமே அவளைப் பொறியில் பூட்டியிருந்தது. காரணம் கிடைத்ததால் அவள் எழவில்லை. காரணம் கேட்பதை நிறுத்தியதால் எழுந்தாள். தெருவில் தண்ணீர் வருகிறது என்றால் குடத்தை எடுக்க வேண்டும். யாருக்கோ முடியவில்லை என்றால் அவர் குடத்தையும் எடுக்க வேண்டும். நாவலின் பிற்பகுதியில் தெருவின் தண்ணீர்த் தொல்லையில் ஜமுனா மற்றவர்க்காகவும் நிற்கத் தொடங்குகிறாள். முடிவில், கருவுற்ற நிலையில், பாஸ்கர ராவின் அழைப்பை மறுத்துவிடுகிறாள். ஊர் என்ன சொல்லும் என்ற கவலையைத் தங்கை படுகிறாள், அவள் படவில்லை.

இதைப் பெண்ணின் வெற்றி என்று எழுதிய விமரிசனங்களைப் படித்திருக்கிறேன். அசோகமித்திரன் அவ்வளவு உரக்கப் பேசுகிறவரல்லர். ஜமுனாவுக்குப் புதிய வேலை கிடைத்ததாக நாவல் கூறவில்லை. நாளைய உணவுக்கு என்ன செய்வாள் என்றும் கூறவில்லை. இது எனக்கு நாவலின் குறையாகவே படுகிறது. மன எழுச்சி ஒருபுறம் இருக்கட்டும். வாடகை யார் தருவது? தண்ணீருக்கு இத்தனை பக்கம் கணக்கெழுதிய ஆசிரியர் பணத்துக்கும் இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கலாம்.

என் தந்தையார் இந்நகரின் பொதுத்துறை ஆலை ஒன்றில் பணியாற்றியவர். தினமும் காலையில் அவ்வாலையைத் திட்டிக்கொண்டே புறப்படுவார். மாலையில் திட்டிக்கொண்டே திரும்புவார். 1980 டிசம்பர் இறுதியில் பெங்களூரின் பொதுத்துறைத் தொழிலாளர்கள் தொடங்கிய வேலைநிறுத்தம் 77 நாள் நீடித்தது. முதல் வாரம் அவர் முகத்தில் கண்ட மகிழ்ச்சியை நான் அதற்குமுன் கண்டதில்லை. மூன்றாவது வாரத்தில், விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, சவரம் செய்து, ஆலைச் சட்டையை அணிந்து, எங்கும் போகாமல் திண்ணையில் அமரத் தொடங்கினார். பிறகு ஒருநாள் தாமாகவே தெருவில் பழுதுபட்டிருந்த அடிபம்பைப் பிரித்துப் போட்டார். நான்கு நாள் அதோடு மல்லாடினார். அது முன்போல் ஓடியதா என்பது எனக்கு நினைவில்லை. மாலையில் கிரீசு படிந்த கைகளோடு அவர் சோற்றுக்கு அமர்ந்தது நினைவிருக்கிறது. 'தண்ணீர்' நாவலை நான் முதன்முதலாகப் படித்தது அதற்குப் பல ஆண்டுகள் கழித்து. படித்தபோது திண்ணையில் அமர்ந்திருந்த அவரே கண்முன் வந்தார்.

ஒன்றை இங்கே மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். நாவல் மருந்தன்று. உயிரை விடும் எண்ணம் ஒருவரைத் தொடர்ந்து வருத்துமாயின் அவருக்கு வேண்டியது இலக்கியக் கூட்டமல்ல, மருத்துவர். இந்நகரிலேயே நிம்ஹான்ஸ் இருக்கிறது. 2022 முதல் 14416 என்னும் எண்ணில் டெலி-மானஸ் தொலைபேசி உதவி, தமிழ் உள்ளிட்ட மொழிகளில் கிடைக்கிறது. அன்று மாலை அவ்விளைஞரின் தாயாரிடம் இதைத் தனியே சொன்னேன். இலக்கியப் பேச்சைவிட அதுவே நான் அன்று செய்த உருப்படியான காரியம்.

அடுத்த மாதமும் அவர் வந்தார். வேலையை விடவில்லை. மருத்துவர் ஒருவரைப் பார்த்து வருவதாகவும், இரவுக் கூட்டங்களில் பாதியை மறுத்துவிட்டதாகவும் சொன்னார். நாவலை முழுவதும் படித்திருந்தார். தமிழை எழுத்துக்கூட்டித்தான் படித்தாராம், பதினாறு நாள் ஆயிற்றாம். ஜமுனாவைப் பற்றி இம்முறை அவர் ஒன்றும் கேட்கவில்லை.

"மாமா, ஜமுனாவுக்கு டீச்சரம்மா வந்தாள். டீச்சரம்மாவுக்கு யார் வந்தார்கள்?" என்றார்.

நாவலை மறுபடி புரட்டிப் பார்த்தேன். எவரும் வரவில்லை. அவள் குடத்தோடு வரிசையில் நின்றுகொண்டிருக்கிறாள்.